போர்க்காலத்தில் அகதியின் சட்டநிலை

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய ஓட்டுக் கட்டடத்தின் திண்ணையில் பதினொரு பிள்ளைகளோடு தொடங்கிய நம் மாலை வகுப்பு, இன்று வெள்ளிவிழாக் காணும் அளவிற்கு வளர்ந்திருக்கிறது. இத்தகைய மகிழ்ச்சியான நாளில் அகதிகளைப் பற்றியும் போரைப் பற்றியும் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இவ்வாண்டு ஜூன் திங்களில் மாலை வகுப்பிற்கு மாணவர் சேர்க்கை நடந்தபோது, அருகிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஆறு பிள்ளைகள் வந்து நின்றனர். செயற்குழுவில் இரு கருத்துகள் எழுந்தன. பிள்ளைகள் எங்கிருந்து வந்தால் என்ன, சேர்த்துக்கொள்வோம் என்றனர் சிலர். அவர்கள் வேற்று நாட்டார். நாளை சட்டச் சிக்கல் வந்தால் யார் பொறுப்பு? இருக்கும் இடமோ நம் பிள்ளைகளுக்கே போதவில்லை என்றனர் வேறு சிலர். முடிவு ஒத்திவைக்கப்பட்டது. அன்று நாம் இரு தரப்பிலும் சேராமல் வாளாவிருந்தோம். அகதி என்பவர் சட்டத்தின் கண்ணில் யார் என்பது நமக்கே தெளிவாகத் தெரியாததே அதற்குக் காரணம். பின்னர் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அகதி என்பவர் யார்? பிழைப்புத் தேடிப் பிறநாடு செல்பவர் அகதியல்லர். அவருக்குப் பின்னால் அவருடைய நாடு நிற்கிறது. அவர் கையிலுள்ள பாஸ்போர்ட்டு, 'இவர் எம்மவர்; இவருக்குத் தீங்கு நேர்ந்தால் யாம் கேட்போம்; இவர் எப்போது வேண்டுமாயினும் எம்மிடம் திரும்பலாம்' என்று அந்நாட்டு அரசு தரும் உறுதியாகும். அகதிக்கு அந்த உறுதி இல்லை. தன் அரசே தன்னைத் துன்புறுத்துவதாலோ, காக்க மறுப்பதாலோ அவர் எல்லை கடந்து வந்திருக்கிறார். வீட்டையும் நிலத்தையும் மட்டுமல்லாமல், தமக்காகக் கேட்பதற்கு ஓர் அரசு உண்டு என்னும் நிலையையும் அவர் இழந்துவிட்டார். சட்டம் நிறைவு செய்ய முயல்வது இந்த இழப்பையே.

இம்முயற்சியைப் பன்னாட்டு அளவில் முதலில் மேற்கொண்டவர் நார்வே நாட்டின் பிரிட்யாப் நான்சன். வடதுருவப் பகுதியை ஆராய்ந்த அறிஞரான அவரை 1921 ஆம் ஆண்டில் சர்வதேச சங்கம் அகதிகளுக்கான உயர் ஆணையராக அமர்த்தியது. முதல் உலகப்போரும் ரஷ்ய உள்நாட்டுப் போரும் இலட்சக்கணக்கானோரை ஊர்விட்டு ஓடச் செய்திருந்த காலம் அது. வெளியேறிய ரஷ்யர்களின் குடியுரிமையைச் சோவியத் அரசு நீக்கிவிட்டது. எந்த நாட்டின் சீட்டும் இல்லாத அம்மக்களுக்காக 1922 ஆம் ஆண்டில் 'நான்சன் பாஸ்போர்ட்டு' என்னும் அடையாளச் சீட்டு உருவாயிற்று. 1924 ஆம் ஆண்டு முதல் ஆர்மீனிய அகதிகளுக்கும் அது வழங்கப்பட்டது. அது குடியுரிமையைத் தரவில்லை. எனினும் அதை வைத்திருந்தவர் எல்லையைக் கடக்கவும் வேலை தேடவும் தம் பெயரை ஓர் அலுவலகத்தில் பதிவு செய்யவும் முடிந்தது. ஒரு சிறு சீட்டின் பெறுமதி என்ன என்பதைச் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவிற்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்த நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1933 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1935 ஆம் ஆண்டின் நூரம்பர்க் சட்டங்கள் யூதர்களை முழுக் குடியுரிமையற்றவர்களாக்கின. அவர்கள் செய்த குற்றம் ஒன்றே ஒன்று: யூதராகப் பிறந்தது. அவர்களுக்கு எங்கே இடம் தருவது என்று ஆராய 1938 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிரான்சு நாட்டின் எவியான் நகரில் 32 நாடுகளின் பேராளர்கள் கூடினர். இரக்கம் தெரிவிக்காதவர் எவருமில்லை. ஆனால் பெருந்தொகையினரை ஏற்க முன்வந்த நாடு டொமினிக்கன் குடியரசு ஒன்றே.

அடுத்த ஆண்டு மே திங்களில் 'செயிண்ட் லூயி' என்னும் கப்பல் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து 937 பயணிகளுடன் கியூபா நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ அனைவரும் யூதர்கள். கியூபா 28 பேரை மட்டும் இறங்கவிட்டது. அமெரிக்காவும் இடம் தரவில்லை. கப்பல் ஐரோப்பாவிற்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து ஆகிய நான்கு நாடுகள் பயணிகளைப் பிரித்து ஏற்றுக்கொண்டன. பின்னர் போர் மூண்டு ஹிட்லரின் படை மேற்கு ஐரோப்பாவை விழுங்கியபோது, அப்பயணிகளுள் 254 பேர் அழித்தொழிப்பில் உயிரிழந்தனர். அடைக்கலம் கேட்டவரைத் திருப்பி அனுப்புவதன் பொருள் என்ன என்பதை உலகம் இவ்வாறுதான் கற்றது.

இனி, போர் தொடங்கிய பின் நடந்ததைக் காண்போம். நம் பேச்சின் மையம் இதுவே.

1939 ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. அப்போது பிரிட்டனில் பல்லாயிரம் ஜெர்மானிய, ஆஸ்திரிய அகதிகள் இருந்தனர். பெரும்பாலோர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள். சிலர் ஹிட்லரின் சிறைமுகாம்களில் இருந்து மீண்டவர்கள். ஆயினும் அவர்கள் பிறந்த நாடு ஜெர்மனி. ஆகவே சட்டப்படி அவர்கள் 'பகைநாட்டு அயலார்' ஆயினர்.

தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு நிதானமாகவே நடந்துகொண்டது. விசாரணைக் குழுக்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்து மூன்று வகையாகப் பிரித்தன. ஐயத்திற்குரியோர் காவலில் வைக்கப்பட்டனர். சிலர்மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. மிகப் பெரும்பாலோரால் தீங்கில்லை என்று கண்டு அவர்களைத் தடையின்றி வாழவிட்டனர். ஆனால் 1940 ஆம் ஆண்டு மே திங்களில் ஹாலந்து வீழ்ந்ததும் நிலைமை மாறிற்று. உள்ளிருந்தே காட்டிக்கொடுப்போர் நிறைந்திருக்கிறார்கள் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. தீங்கற்றவர் என்று அரசே முடிவு செய்தவர்கள்கூட வீடுகளிலும் வேலையிடங்களிலும் கைது செய்யப்பட்டனர். ஏறத்தாழ 27,000 பேர் காவலில் வைக்கப்பட்டனர். மான் தீவில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டோர் பலர்.

சிலர் கடல் கடத்தவும் பட்டனர். கனடா நோக்கிச் சென்ற 'அரண்டோரா ஸ்டார்' என்ற கப்பல் 1940 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியதில் 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னும், ஜூலை 10 ஆம் நாள், 'டுனேரா' என்னும் கப்பல் லிவர்ப்பூல் நகரிலிருந்து ஏறத்தாழ 2,500 ஆண்களுடன் ஆஸ்திரேலியாவிற்குப் புறப்பட்டது. அது ஏற்கக்கூடிய அளவைவிட மிகுதியானவர்கள் அடைக்கப்பட்டனர். காவலர்கள் அவர்களுடைய பெட்டிகளைச் சூறையாடினர். பல பொருள்கள் கடலில் எறியப்பட்டன. செப்டம்பரில் சிட்னி சேர்ந்தவர்கள் அங்கிருந்து ஹே என்னும் வறண்ட ஊரின் முகாமிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

நண்பர்களே, இதன் கொடுமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஹிட்லர் அவர்களை ஜெர்மானியர் அல்லர் என்று துரத்தினார். பிரிட்டன் அவர்களை ஜெர்மானியர் என்று பூட்டியது. இருவருமே அந்த மனிதர் யார், என்ன செய்தார் என்று பார்க்கவில்லை. பிறப்பின்மீது ஒட்டிய பெயரை மட்டுமே பார்த்தனர்.

ஊரில் ஒரு களவு நடந்தால் விசாரணை முதலில் எந்தத் தெருவிற்கு வந்தது என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். களவு நடந்த இரவில் அடுத்த ஊரில் அறுவடைக் களத்தில் இருந்தவரும் விடியற்காலையில் காவல் நிலையத்தின் முன் உட்கார வைக்கப்பட்டார். 'நீ என்ன செய்தாய்?' என்று எவரும் கேட்கவில்லை. 'நீ எந்தத் தெரு?' என்பதே கேள்வி. ஐரோப்பாவில் நடந்ததும் நம் ஊரில் நடந்ததும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. அளவு வேறு, வரலாறு வேறு. ஆனால் பிறப்பைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்கும் பழக்கத்தை நாம் அறிந்திருப்பதால், அதைத் தடுக்க எழுந்த சட்டத்தின் அருமையையும் நம்மால் அறிய முடியும்.

பிரிட்டனை மட்டும் குறைகூறி நின்றால் நியாயமாகாது. அந்தப் போர் நெருக்கடியிலும் 1940 ஆம் ஆண்டு ஜூலையிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் இது குறித்துக் கடும் விவாதம் நடந்தது. எலினார் ராத்போன் என்னும் பெண் உறுப்பினர் அகதிகளுக்காக ஓயாது வாதாடினார். அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டு படிப்படியாக விடுதலை செய்யத் தொடங்கியது. விடுதலை பெற்றவர்களுள் பலர் பிரிட்டிஷ் படையிலேயே சேர்ந்து ஹிட்லரை எதிர்த்தனர். பகைவர் என்று அடைக்கப்பட்டவர்கள் உண்மையில் யார் பக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

போர் முடிந்தபின், 1949 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஜெனீவாவில் நான்கு உடன்படிக்கைகள் நிறைவேறின. நான்காவது உடன்படிக்கை போர்க்காலத்தில் குடிமக்களைக் காப்பதற்கானது. அதன் 44 ஆம் விதி அகதிகளைப் பற்றியது. எந்த அரசின் பாதுகாப்பையும் உண்மையில் பெறாத அகதிகளை, அவர்கள் பகைநாட்டின் குடிமக்கள் என்ற ஒரே காரணத்தைக் கொண்டு பகைநாட்டு அயலாராக நடத்தலாகாது என்பதே அதன் சாரம். 'ஒரே காரணத்தைக் கொண்டு' என்னும் சொற்களை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அகதிகளுள் தீங்கு செய்பவர் எவருமே இருக்க முடியாது என்று இவ்விதி சொல்லவில்லை. நாட்டின் பாதுகாப்பிற்குத் தேவையானால் ஒருவரைத் தனியே விசாரித்து நடவடிக்கை எடுக்கலாம். காவலில் வைத்தால் அம்முடிவை நீதிமன்றமோ உரிய வாரியமோ மறு ஆய்வு செய்ய வேண்டும். காவல் நீடித்தால் ஆண்டிற்கு இருமுறையேனும் ஆய்வு நடைபெற வேண்டும். மனிதரைப் பார், பெயரொட்டைப் பாராதே என்பதே இதன் உட்பொருள்.

அதே உடன்படிக்கையின் 45 ஆம் விதி, அரசியல் கருத்திற்காகவோ சமய நம்பிக்கைக்காகவோ துன்புறுத்தப்படுவோம் என்று ஒருவர் அஞ்சும் நாட்டிற்கு அவரை அனுப்புவதைத் தடுக்கிறது. 70 ஆம் விதி இன்னொரு நிலைமையைக் கருதுகிறது. ஒருவர் தப்பி வந்து அடைக்கலம் பெற்ற நாட்டையே அவருடைய சொந்த நாட்டுப் படை பின்தொடர்ந்து வந்து கைப்பற்றிவிட்டால் என்ன ஆவது? அடைக்கலம் தேடியதற்காக அவரைத் தண்டிக்கலாகாது என்கிறது அவ்விதி. செயிண்ட் லூயி பயணிகளை நினைத்துக்கொண்டு படித்தால் இதன் பொருள் விளங்கும்.

இவை போர்க்கால விதிகள். அகதியின் பொதுவான சட்டநிலையை வகுத்தது 1951 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகமும் பணியைத் தொடங்கியது. இனம், சமயம், தேச இனம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற தக்க அச்சத்தால் தன் நாட்டைவிட்டு வெளியே இருப்பவரே அகதி என்று அது வரையறுத்தது. 1951 ஜனவரி முதல் நாளுக்கு முன் நடந்த நிகழ்ச்சிகளுக்கே அது பொருந்தும் என்றிருந்த வரம்பை 1967 ஆம் ஆண்டின் நெறிமுறை நீக்கிற்று.

அவ்வுடன்படிக்கையின் 33 ஆம் விதியே அதன் உயிர். உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்துள்ள எல்லைக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அது. நாட்டின் பாதுகாப்பிற்கு ஆபத்தானவர் என்று கருதத் தக்க காரணம் உள்ளவர் இச்சலுகையைக் கோர முடியாது. போர்க் குற்றவாளிகளுக்கு அகதி நிலையே இல்லை. உயிருக்கு அஞ்சி நேராக வந்தவர் உடனே தம்மைத் தெரிவித்துக்கொண்டால், அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கலாகாது என்கிறது 31 ஆம் விதி. தொடக்கக் கல்வியில் அகதிப் பிள்ளைகளைத் தம் நாட்டுப் பிள்ளைகளைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது 22 ஆம் விதி. அகதிக்குக் கடமையும் உண்டு: தாம் தங்கியுள்ள நாட்டின் சட்டங்களுக்கு அவர் கட்டுப்பட வேண்டும்.

இதில் ஒரு குறையும் உண்டு. போர் என்னும் சொல் அவ்வரையறையில் இல்லை. குண்டுவீச்சிற்கு அஞ்சி ஓடிவரும் ஒரு குடும்பம், தான் எக்காரணத்தால் குறிவைக்கப்பட்டது என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். குண்டு எவரையும் பெயர் கேட்டுவிட்டு விழுவதில்லையே! ஆப்பிரிக்க நாடுகள் இக்குறையை உணர்ந்து, 1969 ஆம் ஆண்டில் தங்கள் ஒற்றுமை அமைப்பின் உடன்படிக்கையில், அந்நியப் படையெடுப்பினாலும் பொது அமைதி கடுமையாகக் குலைந்ததாலும் ஓடிவருவோரையும் அகதிகளாகச் சேர்த்தன. இலத்தீன் அமெரிக்க நாடுகள் 1984 ஆம் ஆண்டின் கார்த்தகேனா அறிவிப்பில் அவ்வழியே சென்றன. 2022 ஆம் ஆண்டில் உக்ரைன் போர் மூண்டபோது ஐரோப்பிய ஒன்றியம் 2001 இலேயே இயற்றி வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை முதன்முறையாகச் செயற்படுத்தி, தனித்தனி விசாரணையின்றியே இலட்சக்கணக்கானோருக்குத் தங்கவும் வேலை செய்யவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் உரிமை அளித்தது. மனம் இருந்தால் சட்டம் வழிவிடும் என்பதற்கு அது சான்று. அதே வேகமும் தாராளமும் மற்றப் போர்களிலிருந்து தப்பி வந்த எல்லா மக்களுக்கும் கிட்டவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்தியா 1951 ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலும் 1967 ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. ஆனால் செயலில் இந்தியா ஒருபோதும் சிறிய நாடாக நடந்துகொள்ளவில்லை. 1971 ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது எல்லையை மூடவில்லை. வங்கதேசம் விடுதலை பெற்றபின் மிகப் பெரும்பாலோர் 1972 ஆம் ஆண்டிற்குள் திரும்பினர்.

ஜெனீவா உடன்படிக்கைகளின் நிலை வேறு. அவற்றை இந்தியா 1950 ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. 1960 இல் அவற்றிற்கெனச் சட்டமும் இயற்றியது. ஆகவே 44 ஆம் விதி நம்மையும் கட்டுப்படுத்தும். ஆயினும் விதியை ஏற்பது வேறு, அதன் உணர்வை ஏற்பது வேறு. 1962 ஆம் ஆண்டின் சீனப் போரின்போது அசாம், மேற்கு வங்கப் பகுதிகளில் வாழ்ந்த சீன வழியினர் ஏறத்தாழ 3,000 பேர் இராஜஸ்தானத்தின் தேவலி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்கள் அகதிகள் அல்லர். பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். முகத்தையும் பெயரையும் பார்த்துப் பிடித்த அந்த நடவடிக்கையைப் படிக்கும்போது, 1940 ஆம் ஆண்டின் பிரிட்டன் நம்மிடமிருந்து வெகுதூரத்தில் இல்லை என்பது புலப்படுகிறது.

அகதிக்கு நம் நாட்டில் உள்ள பெருந்துணை அரசியலமைப்புச் சட்டமே. அண்ணல் அம்பேத்கரைத் தலைவராகக் கொண்ட வரைவுக் குழு உருவாக்கிய அச்சட்டத்தைக் கூர்ந்து படியுங்கள். 16 ஆம் விதி வேலைவாய்ப்பில் 'குடிமக்களுக்கு' உரிமை தருகிறது. 19 ஆம் விதியும் 'குடிமக்களுக்கே' உரியது. ஆனால் சட்டத்தின் முன் சமத்துவம் கூறும் 14 ஆம் விதியும் உயிரையும் உரிமையையும் காக்கும் 21 ஆம் விதியும் 'எந்த ஒருவருக்கும்' என்று பேசுகின்றன. இந்த எல்லைக்குள் நிற்கும் எந்த மனிதரும் அதில் அடக்கம். இதைக் கொண்டே 1996 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், அருணாசலப் பிரதேசத்திலிருந்த சக்மா அகதிகளின் உயிரைக் காப்பது மாநில அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. ஆனால் நாடுகடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்குரிய 19 ஆம் விதியோடு இணைந்தது என்று 2021 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் கூறியதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடைவெளி இருக்கிறது. அதை நிரப்புவதற்குப் படித்த வழக்குரைஞர்கள் தேவை. அவர்களுள் சிலர் இந்தக் கூடத்திலிருந்து வரட்டுமே!

இவற்றிற்கும் நம் சமுதாயத்திற்கும் என்ன தொடர்பு? 1947 ஆம் ஆண்டில் நாடு பிரிந்தபோது கராச்சியில் துப்புரவுப் பணி செய்த தாழ்த்தப்பட்ட மக்கள் இன்றியமையாப் பணியாளர் என்னும் பெயரால் வெளியேறாமல் தடுக்கப்பட்டனர். மற்றவர் ஓடலாம், மலம் அள்ளுபவர் ஓடக்கூடாது! அண்ணல் அம்பேத்கர் இதை எதிர்த்து அவ்வாண்டு டிசம்பரில் பிரதமர் நேருவிற்குக் கடிதம் எழுதினார். கிழக்குப் பஞ்சாபிற்கு வந்து சேர்ந்தவர்களும் அகதி முகாம்களில் வேறுபாட்டோடு நடத்தப்படுவதை அதே கடிதத்தில் சுட்டிக்காட்டினார். கிழக்கு வங்கத்தின் தாழ்த்தப்பட்டோர் தலைவரான ஜோகேந்திரநாத் மண்டல் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராக இருந்தவர். தம் மக்களுக்கு நேர்ந்த கொடுமைகளைக் கண்டு 1950 ஆம் ஆண்டில் பதவி விலகி இந்தியா வந்து சேர்ந்தார். அமைச்சராக இருந்தவருக்கும் அடைக்கலம் தேவைப்பட்ட காலம் அது.

நம் மாவட்டங்களிலிருந்து எத்தனை குடும்பங்கள் கண்டிச் சீமைக்குச் சென்றன என்பதைப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் நம் மக்களே. 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மலையகத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திற்குப் பின் போர் மூண்டபோது, வடகிழக்கு மக்களோடு மலையக வழியினரும் படகேறி வந்தனர். அன்று தோட்டக் கூலிகளைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பியது மண்டபம் முகாம். பிற்காலத்தில் அடைக்கலம் தேடி வந்தவர்களை ஏற்றதும் அதே மண்டபம்தான்.

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. முகாம் முடியவில்லை. 2021 ஆம் ஆண்டில் தமிழக அரசு தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவ்வாண்டில்தான் 'அகதிகள் முகாம்' என்பது 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறியது நன்று. ஆனால் அங்கே பிறந்து, நம் பள்ளியிலேயே படித்து, நம் மொழியையே பேசும் இளைஞர், குடியுரிமை இல்லாத காரணத்தால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கிறார்.

செயற்குழுவில் எழுந்த கேள்விகளுக்கு வருகிறோம். சட்டச் சிக்கல் வருமா? வராது. 2002 ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் சேர்ந்த 21-ஏ விதி, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள 'எல்லாக் குழந்தைகளுக்கும்' கல்வி என்றே கூறுகிறது. குடிமக்களின் குழந்தைகளுக்கு என்று கூறவில்லை. முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சட்டப்படி படிக்கிறார்கள். பகலில் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை மாலையில் நம் வகுப்பில் உட்காரலாகாது என்று எச்சட்டமும் சொல்லவில்லை.

இடம் போதாது என்ற பெரியவரின் கவலை நியாயமானதே. நம் பிள்ளைகளுக்காகத் தினக்கூலியிலிருந்து ஐந்தும் பத்துமாகச் சேர்த்த பணம் இது. ஒருவர் இடத்தைப் பறித்து ஒருவருக்குத் தருவது அறமாகாது. ஆகவே ஞாயிறு காலையில் இன்னொரு வகுப்புத் தொடங்கலாம். வாரம் இரண்டு மணி நேரம் தரக்கூடிய பட்டதாரி இளைஞர்கள் மூவர் இருந்தால் போதும். அதில் முகாம் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சேர்ந்தே அமரட்டும்.

இறுதியாக ஒன்று. 'அவர்களும் மலையகத்து நம் மக்கள்தாமே, ஆகவே சேர்ப்போம்' என்று சில நண்பர்கள் நம்மிடம் கூறினர். அவர்கள் உள்ளம் நல்லது. ஆனால் அந்தக் காரணத்தை நாம் ஏற்கவில்லை. அந்த ஆறு பேருள் எவர் மலையகம், எவர் யாழ்ப்பாணம், எவர் எந்தச் சாதி என்று நாம் கேட்கவும் இல்லை, இனியும் கேட்கப்போவதில்லை. பிறப்பைப் பார்த்துத் தள்ளுவது தவறென்றால், பிறப்பைப் பார்த்துச் சேர்ப்பதும் அத்தவற்றின் மறுபக்கமே. 44 ஆம் விதியும் 21 ஆம் விதியும் சொல்வது இதையே. வந்து நின்றவர் ஒரு பிள்ளை, கேட்டது கல்வி. அதுவே போதுமான தகுதி.

பொதுக்குழு இன்று மாலை கூடுகிறது. முடிவு உங்கள் கையில் இருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர்கள் தொடங்கிய சங்கம் இது. அதன் இருபத்தாறாம் ஆண்டு, ஒரு கதவைத் திறப்பதில் தொடங்கட்டும்.